ரெண்டு பெனால்டியை ஏன் எண்ணல?

2015 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடிகாலை வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த ராத்திரி வீடு நம்முடையது கிடையாது. கும்பகோணம் அத்தை, மதுரை மாமா, அந்த மாமாவோடு வந்த, யாரென்றே எனக்குத் தெரியாத ரெண்டு பேர் என்று கூடம் முழுக்கப் பாய். பரமபத வாசல் திறக்கும்போது பெருமாளைப் பார்க்க வேண்டும் என்றால் நடுராத்திரியே போய் வரிசையில் நிற்கவேண்டும். அதனால் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டார்கள். நானும் சித்தப்பாவும் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், சத்தத்தை முழுசாகக் குறைத்து வைத்துக்கொண்டு.

கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் ஐஎஸ்எல் இறுதிப் போட்டி. எஃப்சி கோவாவும் சென்னையின் எஃப்சியும். அந்த மாதம்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி 3-0 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்த டீம். நான் சென்னையில் ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அது என் டீம்.

முதல் பாதியில் கோலே இல்லை. அப்புறம் சென்னைக்கு ஒரு பெனால்டி. பெலிசாரி அடித்ததை கோவா கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி தடுத்தார். பந்து திரும்பி பெலிசாரி காலுக்கே வந்தது, கோல். கோவா உடனே சமன் செய்தது. பிறகு சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இந்த முறை மெண்டோசா. அதையும் கட்டிமணி பிடித்துவிட்டார். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1. நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன். 90-ஆவது நிமிடத்தில் ஒரு தள்ளுமுள்ளு, பந்து கட்டிமணி கையில் பட்டு அவருடைய வலைக்குள்ளேயே போனது. சேம்சைடு கோல். அடுத்த ரெண்டு நிமிடத்தில் மெண்டோசா இன்னொன்று. 3-2. சென்னை சாம்பியன்.

கத்த முடியாது. கத்தினால் பதினாலு பேர் எழுந்துவிடுவார்கள். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குதித்தேன். பிறகு சித்தப்பாவின் காதருகே போய், "காமெடி கீப்பர் சித்தப்பா, தன் கோல்லயே குத்தி விட்டுட்டான்!" என்று சிரித்தேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. டிவியில் கட்டிமணி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பெனால்டி நிறுத்தினான்டா அவன். அதை ஏன் எண்ணல நீ?"

சித்தப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வேலை முடிந்த சாயங்காலங்களில் ரயில்வே மைதானத்தில் கீப்பர். பெரிய ஆட்டக்காரர் எல்லாம் இல்லை, அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. இடது கை மோதிர விரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். சின்ன வயதில் என்னை ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, ஜங்ஷன் பக்கம் இறக்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மேட்ச் பார்க்கக் கூட்டிப்போவார். எல்லோரும் நடுக்கோட்டுப் பக்கம் நிழலில் நிற்பார்கள். இவர் மட்டும் வெயிலில் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நிற்பார். "இங்க நின்னாதான்டா யாரு ஓடுறான், யாரு ஓடுற மாதிரி நடிக்கிறான்னு தெரியும்" என்பார்.

அவரிடமிருந்து மேட்ச் பார்ப்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம்தான். பந்து இருக்கும் இடத்தைப் பத்தாயிரம் பேர் பார்க்கிறார்கள், நீ வேறு எங்கேயாவது பார். பந்து இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்க பேக் எங்கே நிற்கிறான்? பாஸைத் தவறவிட்டவன் திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் புலம்புகிறானா? தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ஆளின் காலில் பந்து இருப்பது மொத்தம் ரெண்டு மூன்று நிமிடம். மிச்ச நேரம் முழுக்க அவன் என்ன செய்தான் என்று தெரியாமல் அவனுக்கு எப்படி மார்க் போடுவது?

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் முடிவு தெரிந்த பிறகு காரணம் சொல்கிற வியாதி எனக்குப் போகவில்லை. உதாரணம், ஜான் கிரிகரி.

2017-18 பருவத்தில் சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக வந்தவர். லீக் முடிந்தபோது பெங்களூரு எஃப்சி 40 புள்ளி. சென்னை 32 புள்ளியோடு ரெண்டாவது இடம். எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆனால் அப்போதைய ஐஎஸ்எல் விதிப்படி இறுதிப் போட்டியில் ஜெயிப்பவன்தான் சாம்பியன். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல். அப்புறம் ரெண்டு கார்னர், ரெண்டு முறையும் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டினார், ரெண்டும் கோல். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் 3-2. மறுபடி சாம்பியன்.

அப்போது என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. மேட்ச் பார்த்து எழுதிவைக்கிற பழக்கம். அந்த ராத்திரி அதில் எழுதினேன்: "இந்தியாவில் இப்போது இவரை விட்டால் கோச் கிடையாது. கார்னரை வைத்தே கப் ஜெயிக்கிற மூளை."

அடுத்த பருவம். அதே கோச், ஏறக்குறைய அதே டீம். 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளியோடு பத்து டீமில் பத்தாவது இடம். முந்தைய வருடம் 9 கோல் அடித்த ஜெஜெ, இந்த வருடம் ஒரே ஒரு கோல். இப்போது நோட்டில் எழுதினேன்: "பெட்டி கட்டச் சொல்லுங்க. இவருக்கு ஆட்டமே தெரியல."

இந்த ரெண்டு பக்கத்தையும் ஒருநாள் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "இதுல எப்படா பொய் சொன்ன? போன வருஷமா, இந்த வருஷமா?" என்றார்.

ரெண்டு வருடமும் பொய் சொல்லவில்லை, ரெண்டு வருடமும் நான் கோச்சைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. நான் பார்த்தது ஸ்கோரை. பெங்களூருவில் அந்த ரெண்டு ஹெட்டர் கம்பத்துக்கு மேலே போயிருந்தால் அதே கோச், அதே பயிற்சி, அதே கார்னர். ஆனால் என் நோட்டில் 'மூளை' என்ற வார்த்தை இருந்திருக்காது. அடுத்த வருடம் பின்வரிசையில் ஹென்ரிக் செரெனோ இல்லை. நடுவில் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் காயத்தால் ரொம்ப நாள் வெளியே இருந்தார். இதெல்லாம் கோச் மேல் தப்பே இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. 13 தோல்விக்கு அவருக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று யோசிப்பதுதான் மதிப்பிடுவது. நான் அந்த வேலையைச் செய்யவே இல்லை.

2019 நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். தத்தளித்துக்கொண்டிருந்த டீம், நான்காவது இடத்துக்கு ஏறி, இறுதிப் போட்டி வரை போய், 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத ஃபட்டோர்டாவில் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது. 'கோச்சை மாத்தினா போதும்' கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான். ஆனால் அந்தப் பருவத்தில்தான் ஐஎஸ்எல் இன்னொரு காரியமும் செய்தது: லீக்கில் முதலிடம் பிடிக்கும் டீமுக்குத் தனியாக ஒரு ஷீல்டு. அதாவது பருவம் முழுக்க யார் நன்றாக ஆடினார்கள் என்பது ஒரு கேள்வி, கடைசி ராத்திரி யார் ஜெயித்தார்கள் என்பது வேறு கேள்வி என்று லீக்கே ஒத்துக்கொண்டது. எனக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. "நாங்க நல்லாத்தான் ஆடினோம், அதிர்ஷ்டம் இல்ல" என்பவர்கள். சித்தப்பாவுக்கு அவர்களைக் கண்டாலும் ஆகாது. "ஒரு மேட்ச் அதிர்ஷ்டத்துல தோக்கலாம். பதிமூணு மேட்ச் தோத்தா அதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்ல" என்பார். முடிவு ஒரு சாட்சி. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதற்காகச் சாட்சியைக் கூண்டிலேயே ஏற்ற மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

மார்கோ மாட்டராஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் சென்னைக்குக் கோச்சாக இருந்தவர் அவர்தான். யாரிடம் பெயரைச் சொன்னாலும், "ஜிடான்கிட்ட முட்டு வாங்கினவனா?" என்பார்கள். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஃபிரான்ஸுக்குப் பெனால்டி போகக் காரணமாக இருந்தவரும் அவர்தான், கார்னரில் எழும்பி இத்தாலிக்குச் சமன் கோல் அடித்தவரும் அவர்தான், ஷூட்அவுட்டில் தன் உதையை வலைக்குள் அனுப்பியவரும் அவர்தான். அத்தனையும் ஒரே ராத்திரியில். நமக்கு நினைவிருப்பது நெஞ்சில் வாங்கிய முட்டு மட்டும். 

இவ்வளவு நேரம் அடுத்தவர்களைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றி.

2016-இலிருந்து ஞாயிறு காலைகளில் நானும் ரெண்டு நண்பர்களும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மைதானத்தில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. பந்து, கோன், தண்ணி கேன் எல்லாம் எங்கள் செலவு. யாரும் எங்களைக் கோச் என்று நியமிக்கவில்லை. 'சார்' என்று பையன்களாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பதினாலு வயதுப் பையனுக்கு 'சார்' படிக்கிற லிஸ்ட்தான் ஐஎஸ்எல் ஏலம், உலகக் கோப்பைத் தேர்வு எல்லாம். அது எனக்கு அப்போது தெரியாது.

2019-இல் திருச்சியிலேயே ஒரு சின்ன போட்டி. பதினைந்து வயதுக்குட்பட்டோர். எங்கள் கீப்பர் மெலிசான ஒரு பையன். பேச்சு குறைவு. சொந்தமாக ஒரு ஜோடி கிளவுஸ் வைத்திருந்தான், ஒரு சுற்று பெரியது, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொள்வான். அரையிறுதியில் 1-0 என்று முன்னால் இருந்தோம். கடைசிக் கட்டத்தில் எதிரணிக்குக் கார்னர். இவன் வெளியே வந்து எம்பிக் குத்தினான். பந்து எங்கள் பேக் ஒருவனின் தோளில் பட்டு உள்ளே போனது. அப்புறம் பெனால்டியில் தோற்றோம்.

திட்டவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. முதுகில் தட்டி, "பரவால்லடா" என்றேன். மூன்று வாரம் கழித்து அடுத்த போட்டிக்கு லிஸ்ட் படித்தேன். கீப்பர் என்று வேறொரு பையன் பெயரைப் படித்தேன். ரெண்டாவது கீப்பராகக்கூட இவன் பெயர் இல்லை. முன்கூட்டித் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. லிஸ்ட் முடிந்தது. அவன் கிளவுஸைக் கழற்றி, ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

நண்பன் கேட்டான், "ஏன்டா அவனை எடுக்கல?"

"டென்ஷன் ஆகுறான்டா, கார்னர்ல நம்ப முடியாது" என்றேன். ஒரே ஒரு கார்னரைப் பார்த்துவிட்டு 'கார்னரில் நம்ப முடியாது' என்று சொன்னவன், நோட்டுப் புத்தகம் வைத்து மேட்ச் ஆராய்கிற நான்தான்.

அப்புறம் கொரோனா வந்தது. மைதானம் பூட்டிக் கிடந்தது. அந்தப் பையனை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

2022 மார்ச் 20. மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே ஃபட்டோர்டா, மறுபடி ஐஎஸ்எல் இறுதி. ஹைதராபாத் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும். ஹைதராபாத் கோலில் யார் என்று பார்த்தால், லக்ஷ்மிகாந்த் கட்டிமணி. ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆட்டம் 1-1. பெனால்டி ஷூட்அவுட். கேரளா அடித்ததில் மூன்றைக் கட்டிமணி தடுத்தார். ஹைதராபாத் 3-1 என்று ஜெயித்து சாம்பியன். ஆட்டநாயகனும் அவர்தான். எந்த மைதானத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ, அதே மைதானத்தில் அவரை மற்றவர்கள் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

சித்தப்பா பொன்மலைப்பட்டி வீட்டிலிருந்து ஃபோன் செய்தார். "பாத்தியா?" என்றார். "பாத்தேன் சித்தப்பா." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "இன்னிக்கு எல்லாரும் அவனைத் தூக்கி வெச்சு ஆடுவாங்க. ஆனா அவன் இன்னிக்குத்தான் நல்ல கீப்பர் ஆனான்னு நினைக்காத. அன்னிக்கே நல்ல கீப்பர்தான்."

ஃபோனை வைத்த பிறகு எனக்குக் கட்டிமணி ஞாபகம் வரவில்லை. ரப்பர் பேண்ட் ஞாபகம் வந்தது.

கட்டிமணிக்கு அந்த ஆறு வருடமும் யாரோ ஒரு கோச் கிளவுஸைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த சேம்சைடு கோலுக்கு அப்புறமும் அவரை லிஸ்டில் எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதியதால்தான் 2022 வந்தது. என் லிஸ்டில் அந்தப் பையனுக்கு அடுத்த மேட்ச்சே இல்லை. அவன் நல்ல கீப்பரா இல்லையா என்பதை நானும் தெரிந்துகொள்ள முடியாது, அவனும் தெரிந்துகொள்ள முடியாது. நான் தப்பாக மதிப்பிட்டேன் என்பதுகூட இல்லை. சரியா தப்பா என்று பார்க்கிற வழியையே அடைத்துவிட்டேன்.

ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா மண்டபம் போகிற வழியில் ஒரு சந்துக்குள். அவன் அம்மா கதவைத் திறந்து, அடையாளம் தெரிந்து, "வாங்க சார், டீ போடுறேன்" என்றார். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் வளர்ந்திருந்தான். வாசலில் நின்று பேசினோம். ஃபைனல் பார்த்தாயா என்று ஆரம்பித்தேன்.

"இல்ல சார். இப்பல்லாம் ஃபுட்பால் பாக்குறதில்ல."

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன்னை எடுக்காமல் விட்டது தப்பு, சொல்லாமல் விட்டது அதைவிடத் தப்பு என்று. அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"சார், அன்னிக்கு செமில நான் எத்தனை பிடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தக் கார்னர் மட்டும் ஒவ்வொரு கணமாக ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் வெயில். மேட்ச் முழுக்க நான் பந்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஆறு சார்" என்றான். "அதுல ஒண்ணு ஒன் டு ஒன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் மறந்துபோன சில்லறையை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, சின்னப் பையன்களுக்குக் கீப்பிங் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று கேட்டேன். சிரித்தான். "ஸ்கூல்ல வாலிபால் ஆடுறேன் சார். அதுல எல்லாருமே கையால தொடலாம், ஒருத்தன் மேல பழி வராது." அவன் அம்மா டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன். அவன் அந்த ஞாயிறு வரவில்லை. இதுவரை வரவில்லை.

இப்போதும் நான் லிஸ்ட் படிக்கிறேன். படிக்காமல் இருக்க முடியாது, பதினெட்டுப் பையன்கள் இருந்தால் பதினொரு பேர்தான் இறங்க முடியும். யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். பெயர் இல்லாத பையனிடம் முந்தின நாளே தனியாகப் பேசிவிடுகிறேன், காரணத்தோடு. ஒரு மேட்ச்சில் நடந்ததைக் காரணமாகச் சொல்வதில்லை, குறைந்தது ஐந்து மேட்ச் பார்க்கிறேன். மேட்ச்சில் என் நண்பன் ஒருவன் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நோட்டோடு நிற்கிறான். கீப்பர் தடுத்தது எத்தனை, பந்தில்லாமல் திரும்பி ஓடியவன் யார் என்று கோடு போட்டு எண்ணுகிறான். ஸ்கோர் தெரிவதற்கு முன்னாலேயே, இடைவேளையில், என் கருத்தை எழுதி வைத்துவிடுகிறேன். கடைசியில் எடுத்துப் பார்த்தால் பாதி தப்பாக இருக்கிறது. பரவாயில்லை, எவ்வளவு தப்பு என்றாவது தெரிகிறதே.

ஐஎஸ்எல் பார்க்கும்போது இன்னமும் கத்துகிறேன். கோச்சைத் திட்டுகிறேன், ஃபார்வர்டைக் கழுதை என்கிறேன். ரசிகன் கத்தாமல் இருந்தால் அது மேட்ச்சே இல்லை. கீப்பரை மட்டும் திட்டுவதில்லை. முதலில் எண்ணுகிறேன்.